வண்டிக்குள்ள துப்பாக்கி: நம்ம ஊரு சட்டம் கேக்குறது வேற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார், கார்ல துப்பாக்கி எடுத்துட்டு போறவங்க குண்டை எல்லாம் கழட்டிட்டு துப்பாக்கியை டிக்கியில வெச்சு பூட்டி, குண்டை தனி டப்பாவுல போட்டு தான் கொண்டு போகணும், லோட் பண்ணி வெச்சிருந்தா அதுவே குற்றம்னு. நல்ல எண்ணத்துல தான் எழுதியிருக்கார், யாருக்கும் எதுவும் ஆகிடக் கூடாதுன்ற அக்கறை அந்த கடிதத்துல தெரியுது. ஆனா அவர் சொன்னது தென்னாப்பிரிக்கா சட்டம் இல்லைங்க. அத நம்பி நம்ம ஆளுங்க துப்பாக்கியை டிக்கியில போட்டுட்டு போக ஆரம்பிச்சா இன்னும் பெரிய வம்புல தான் மாட்டுவாங்க. அதனால தான் ராத்திரி கடையை மூடிட்டு வந்து உக்காந்து இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனா மன்னிக்கணும்.

நான் வக்கீல் இல்ல, போலீஸும் இல்ல. டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு சின்ன வொர்க்ஷாப் வெச்சிருக்கேன், தூத்துக்குடி பக்கத்துல இருந்து இங்க வந்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊர்ல இருக்கிற வரைக்கும் துப்பாக்கின்னா போலீஸ்காரர் தோள்லயும் பேங்க் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் கையிலயும் பார்த்தது தான். லைசென்ஸ் வெச்சிருந்த ஒரு பண்ணையார் வீட்டுல கூட எலெக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைச்சிடுவாங்க. இங்க வந்து வேலைக்கு சேர்ந்த முதல் மாசமே ஒரு கஸ்டமர் சாவியை குடுக்கும்போது இடுப்புல இருந்து பிஸ்டலை எடுத்து பையில வெச்சதை பார்த்து எனக்கு கை நடுங்கிடுச்சு. இப்ப நானும் லைசென்ஸ் எடுத்து 9 எம்எம் பிஸ்டல் ஒண்ணு வெச்சிருக்கேன். ஏன் எடுத்தேன்னு இங்க இருக்கிறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, 2022-23 வருஷத்துல மட்டும் 20,000க்கு மேல கார் ஹைஜாக்கிங் நடந்த நாடு, அதே வருஷம் கொலை 27,000ஐ தாண்டிச்சு. ராத்திரி வீட்டு கேட் தொறக்குற அந்த பத்து செகண்டு எவ்வளவு நீளம்னு இங்க வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தெரியும்.

சரி, சட்டத்துக்கு வர்றேன். நம்ம நாட்டுல இருக்கிறது 2000ம் வருஷத்து ஃபயர்ஆர்ம்ஸ் கண்ட்ரோல் ஆக்ட், 60ம் நம்பர் சட்டம், 2004 ஜூலைல நடைமுறைக்கு வந்துச்சு. அதுல 84வது பிரிவு தான் பொது இடத்துல துப்பாக்கி எடுத்துட்டு போறத பத்தி பேசுது. ரோட்டுல இருக்கிற வரைக்கும், வண்டிக்குள்ள கண்ணாடியை ஏத்திட்டு உக்காந்திருந்தாலும், பொது இடத்துல துப்பாக்கியோட இருக்கோம்னு நினைச்சு தான் நடந்துக்கணும். அந்த பிரிவுல குண்டு போட்டிருக்கா இல்லையான்ற பேச்சே இல்லைங்க. அது கேக்குறது என்னன்னா, கைத்துப்பாக்கின்னா அதுக்குன்னு செஞ்ச உறையில, அதாவது ஹோல்ஸ்டர்ல போட்டு உடம்புல மாட்டியிருக்கணும், இல்லன்னா முதுகுப்பை மாதிரி ஒரு பையில இருக்கணும். ரைஃபிள், ஷாட்கன்னா அதுக்குன்னு இருக்கிற உறையில இருக்கணும். எதுவா இருந்தாலும் வெளிய துளி கூட தெரியாம முழுசா மூடியிருக்கணும், அத கொண்டு போற ஆளுக்கு அது மேல முழு கண்ட்ரோல் இருக்கணும். இந்த கடைசி வார்த்தை தான் முக்கியம். டிக்கியில பூட்டி வெச்ச துப்பாக்கி மேல ஸ்டியரிங்க பிடிச்சிட்டு உக்காந்திருக்கிற உங்களுக்கு என்ன கண்ட்ரோல் இருக்கு? வண்டியை நிறுத்திட்டு கடைக்குள்ள போயிட்டா சுத்தமா இல்ல.

அப்ப லோட் பண்ணி எப்படி வேணா வெச்சுக்கலாமான்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். அதே சட்டத்துல 120வது பிரிவு இருக்கு, லோட் பண்ணின துப்பாக்கியை அடுத்தவங்களுக்கு ஆபத்து வர்ற மாதிரி வெச்சிருந்து அத தடுக்க ஒண்ணும் செய்யாம இருந்தா அது தனி குற்றம். குடிச்சிட்டு துப்பாக்கியை தொட்டா குற்றம். தொலைஞ்சு போச்சுன்னு தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லலன்னா குற்றம். பூட்டி வெக்காம, ஜாக்கிரதையா இல்லாம திருட்டு குடுத்தா அதுவும் நம்ம தலையில தான் விடியும். திருடு குடுத்தவன் நீங்க, கேஸும் உங்க மேலேயே. இது நிறைய பேருக்கு தெரியறதில்ல.

அந்த வாசகர் சொன்ன விஷயம் எங்க இருந்து வருதுன்னா அமெரிக்காவுல இருந்து. அங்க 1986ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுச்சு, ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு துப்பாக்கியோட வண்டியில போறவங்க, குண்டை கழட்டி, கை எட்டாத இடத்துல, டிக்கி இல்லாத வண்டின்னா பூட்டின பெட்டியில வெச்சு கொண்டு போனா நடுவுல இருக்கிற மாநிலத்துல பிடிக்கக் கூடாதுன்னு. டாஷ்போர்டு டப்பாவும், ரெண்டு சீட்டுக்கு நடுவுல இருக்கிற டப்பாவும் பூட்டின பெட்டி கணக்குல வராதுன்னு அந்த சட்டமே சொல்லுது. மத்தபடி அங்க மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற, கலிபோர்னியாவுல கைத்துப்பாக்கியை பூட்டி தான் கொண்டு போகணும், டெக்சாஸ்ல 2007ல இருந்தே சொந்த வண்டியில மறைச்சு வெச்சுக்கலாம். நம்ம பசங்க போன்ல பாக்குற வீடியோ எல்லாம் அந்த ஊர்க்காரங்க எடுத்தது, அவங்க ஊருக்கு அது சரியா இருக்கலாம். ஒருத்தன் பிஸ்டலை ஸ்டியரிங் அடியில காந்தம் வெச்சு ஒட்டிக்கிறான், இன்னொருத்தன் கதவு பாக்கெட்ல சொருகுறான், அத பார்த்துட்டு இங்க என் கடைக்கு வந்து அண்ணா எனக்கும் அந்த காந்தம் ஒண்ணு மாட்டி குடுங்கன்னு கேக்குறாங்க. மாட்ட மாட்டேன்னு சொல்லி திருப்பி அனுப்பிருக்கேன், அதுல ரெண்டு மூணு கஸ்டமர் போயும் போயிட்டாங்க, போகட்டும்.

ஏன் மாட்ட மாட்டேன்னா, வண்டிக்குள்ள சும்மா கிடக்குற துப்பாக்கி என்ன பண்ணும்னு மெக்கானிக்குக்கு தான் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பக்கி, பிக்கப் வண்டியை இங்க அப்படித்தான் சொல்லுவோம், வந்துச்சு, டிரைவர் சீட் முன்ன பின்ன நகர மாட்டேங்குதுன்னு கம்ப்ளைண்ட். இந்த மாதிரி வந்தா பாதி நேரம் சீட் நகர்ற ரயில்ல, அதாவது அடியில இருக்கிற இரும்பு தடத்துல, காசு விழுந்திருக்கும், இல்ல புள்ளைங்க பொம்மை மாட்டியிருக்கும். என்கிட்ட வேலை பழகுற பையன், பத்தொன்பது வயசு, கையை விட்டு தடவிட்டு ஏதோ இரும்பு மாட்டியிருக்கு அண்ணா, இழுத்துடறேன்னு சொன்னான். எனக்கு என்ன தோணுச்சோ, இருடான்னு சொல்லி டார்ச் அடிச்சு குனிஞ்சு பார்த்தேன். பிஸ்டலோட பிடி எங்க பக்கம் இருக்கு, குழல் சீட் ரயிலுக்கு நடுவுல சிக்கி பின் சீட்டை பார்த்திருக்கு, ட்ரிக்கர் வளையத்துக்குள்ள சீட் பெல்ட் வயர் ஒண்ணு நுழைஞ்சிருக்கு. அவன் இழுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கு நினைச்சாலும் வயிறு பிசையுது. ஓனருக்கு போன் பண்ணினா, ஓ அங்கயா இருக்கு, மூணு நாளா தேடிட்டு இருந்தேன்னு சொல்றார். மூணு நாள்! அந்த பக்கியில தான் அவர் பேத்தியை தினமும் ஸ்கூல்ல விட்டுட்டு வந்திருக்கார், அந்த பொண்ணு உக்கார்றது பின் சீட்ல.

அவரையே வர சொன்னேன். நானும் தொடல, பையனையும் தொட விடல, அந்த துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லாத ஆள் கையில அது இருந்தா 15 வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம்னு சட்டத்துல இருக்கு, எதுக்கு ஒரு சின்ன பையன் வாழ்க்கையில விளையாடணும். அவர் வந்து சீட்டை போல்ட் கழட்டி தூக்கின அப்புறம் மெதுவா எடுத்தார், தோட்டா அடுக்கியிருக்கிற மேகசீனை இறக்கிட்டு மேல இருக்கிற ஸ்லைடை இழுத்தார், உள்ள இருந்து ஒரு தோட்டா குதிச்சு சிமெண்ட் தரையில உருண்டு ஜாக்குக்கு அடியில போய் நின்னுச்சு. இங்க இத ஒன் அப்னு சொல்லுவாங்க, அதாவது சேம்பர்ல, சுடுறதுக்கு தோட்டா உக்கார்ற இடத்துல, ஒண்ணு ஏத்தி ரெடியா வெச்சிருக்கிறது. அந்த மாடல்ல கையால போடுற சேஃப்டி லாக் கூட கிடையாது. ட்ரிக்கரை எது அழுத்தினாலும் வெடிக்கும். ஹோல்ஸ்டர்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னா அழகுக்கு இல்ல, அந்த ட்ரிக்கரை மூடுறதுக்கு. சட்டம் ஹோல்ஸ்டர்ல போடுன்னு சொல்றப்ப நம்ம உயிருக்கும் சேர்த்து தான் சொல்லுது.

சீட்டுக்கு அடியில வெக்கிறதுல இன்னொண்ணு இருக்கு. பிரேக்கை அழுத்தினா அடியில இருக்கிற பொருள் எல்லாம் முன்னாடி வழுக்கிட்டு வரும். தண்ணி பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில போய் மாட்டி ஆக்சிடென்ட் ஆன வண்டி என் கடைக்கே வந்திருக்கு. ஒரு கிலோ கிட்ட இருக்கிற இரும்பு வந்து மாட்டினா? கப்பிஹோல்ல வெக்கிறவங்களும் இருக்காங்க, டாஷ்போர்டுல இருக்கிற டப்பாவை இங்க அப்படித்தான் சொல்லுவோம். அதுல ஸ்க்ரூடிரைவர், பேனா, சார்ஜர் வயர், டோல் ரசீது எல்லாம் கிடக்கும், அதுக்கு நடுவுல உறை இல்லாம லோட் பண்ணின பிஸ்டல். ரோட் பிளாக்ல போலீஸ்காரர் முன் கண்ணாடியில ஒட்டியிருக்கிற வண்டி லைசென்ஸ் டிஸ்க்கை பார்த்துட்டு டிரைவிங் லைசென்ஸை காட்டுங்கன்னு கேக்குறார், அது கப்பிஹோல்ல இருக்குன்னு நாம குனிஞ்சு தொறக்குறோம், உள்ள துப்பாக்கி பளபளன்னு தெரியுது, அவருக்கு நம்ம யாருன்னு தெரியாது. அந்த நேரத்துல ரெண்டு பக்கமும் பயம் தான் முடிவு பண்ணும். ஐயா என்கிட்ட லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இடுப்புல இருக்கு, நீங்க சொன்ன அப்புறம் கையை அசைக்கிறேன்னு ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வெச்சுட்டு முதல்லயே சொல்லிடறது தான் நல்லது. துப்பாக்கியையும் லைசென்ஸையும் காட்டுன்னு கேக்குற அதிகாரம் போலீஸுக்கு இருக்கு, அதனால அந்த லைசென்ஸ் கார்டு எப்பவும் பர்ஸ்ல இருக்கணும்.

இப்ப என் வீட்டு கதைக்கு வர்றேன், இத எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். என் மச்சான், அதாவது என் வீட்டம்மாவோட தம்பி, நல்ல மனுஷன், கஷ்டப்பட்டு உழைக்கிறவன். சில வருஷத்துக்கு முன்னாடி தைப்பூசத்துக்கு காவடி எடுத்தான். காவடி எடுக்குறவன் இடுப்புல துப்பாக்கி மாட்டிட்டு போக முடியுமா, மஞ்ச வேட்டியோட, விரதம் இருந்து, அலகு குத்திட்டு. விடியகாலை இருட்டுல வீட்டுல இருந்து கிளம்புறப்ப துணைக்கு இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தவன், கோயில் வாசல்ல இறங்குறப்ப கழட்டி சீட்டுக்கு அடியில வெச்சுட்டான். வீட்டு சேஃப்ல வெச்சுட்டு வந்திருக்கணும், அவ்வளவு தான், அந்த ஒரு தப்பு தான். கோயிலை சுத்தி புல்வெளி பூரா வண்டி, ஆயிரக்கணக்குல ஜனம், மேளச்சத்தம். ரிமோட்டை அமுக்கினான், பூட்டிடுச்சுன்னு நினைச்சு போயிட்டான். இங்க பார்க்கிங்ல ரிமோட் சிக்னலை ஜாம் பண்றவங்க இருக்காங்க, லாக் ஆன மாதிரி நாம நடந்து போயிடுவோம், கதவு தொறந்தே கிடக்கும். அத்தனை வண்டிக்கு நடுவுல யாரு எப்ப வந்தான்னு தெரியல. காவடி இறக்கிட்டு, சாப்பாடு முடிச்சுட்டு வந்தப்ப கண்ணாடி உடையல, கதவுல கீறல் இல்ல, ஆனா சீட்டுக்கு அடியில காலி.

தோள்ல இன்னும் விபூதி இருக்கு, அப்படியே ஸ்டேஷனுக்கு போனோம். 24 மணி நேரத்துக்குள்ள சொன்னதால ஒரு குற்றம் குறைஞ்சுது, ஆனா ஜாக்கிரதை இல்லாம திருட்டு குடுத்ததுக்கு கேஸ் போட்டாங்க. அங்க இருந்த ஒரு ஆபீசர் அவனை பார்த்து, உங்க துப்பாக்கியால யாராவது செத்தா நாங்க உங்களுக்கு போன் பண்றோம்னு சொன்னார். அந்த வார்த்தை கொஞ்சம் அதிகம் தான், சாமி கும்பிட்டுட்டு வந்த மனுஷன்கிட்ட அப்படி சொல்லியிருக்க வேண்டாம், ஆனா அதுல பொய் இல்ல. கோர்ட், வக்கீல், அபராதம்னு ஒரு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு, துப்பாக்கி வெச்சுக்க தகுதி இல்லாதவன்னு முடிவாச்சு. அதெல்லாம் கூட அவனுக்கு பெருசா படல. இன்னைக்கு வரைக்கும் பேப்பர்ல 9 எம்எம்னு ஒரு வார்த்தை வந்தா அந்த செய்தியை முழுசா படிப்பான், எந்த ஏரியா, எந்த தேதின்னு பார்ப்பான். அவன் படிக்கிறதை பார்த்துட்டு என் வீட்டம்மா பேப்பரை ஒளிச்சு வெக்கிறா. அந்த துப்பாக்கி கிடைக்கவே இல்ல.

அதனால தான் டிக்கியில வெச்சு பூட்டுங்கன்னு படிச்சப்ப எனக்கு மனசு கேக்கல. டிக்கியில இருந்தாலும் வண்டியே போனா அதுவும் சேர்ந்து போகும். சில பேர் வண்டிக்குள்ள சின்ன இரும்பு பெட்டி போல்ட் போட்டு வெச்சுக்கறாங்க, ஏதோ ரெண்டு நிமிஷத்துக்குன்னு ஆரம்பிச்சு அப்புறம் ராத்திரி பூரா வாசல்ல நிக்கிற வண்டியிலயே விட்டுடறாங்க, வீட்டுல ஒழுங்கான சேஃப் இருந்தும். துப்பாக்கி ஒண்ணு உங்க உடம்புல இருக்கணும், இல்ல வீட்டு சுவத்துல அடிச்ச சேஃப்ல இருக்கணும். வண்டி அத வெக்கிற இடமே இல்ல. துப்பாக்கியோட நுழையக் கூடாதுன்ற இடத்துக்கு, கோயிலோ ஆஸ்பத்திரியோ கல்யாண ஹாலோ, போறீங்கன்னா அன்னைக்கு கிளம்பும்போதே வீட்டுல வெச்சுட்டு கிளம்புங்க. அன்னைக்கு துணைக்கு வேணும்னா நாலு பேரா சேர்ந்து ரெண்டு வண்டியில போங்க, நாங்க இப்ப அப்படித்தான் போறோம்.

பையில வெக்கலாம்னு சட்டம் சொல்லுதேன்னு என் பொண்ணு கேட்டா. சொல்லுது தான். ஆனா ஹேண்ட்பேக்கை பக்கத்து சீட்ல வெச்சுட்டு ரோபோட்ல, அதாவது சிக்னல்ல, நிக்கிறப்ப கண்ணாடியை உடைச்சு பையை தூக்கிட்டு ஓடுறது இங்க தினமும் நடக்குது. அப்படி உடைஞ்ச கண்ணாடி தூளை சீட் மடிப்புல இருந்து எடுத்து எடுத்தே என் பையனுங்க விரல்ல எல்லாம் கீறல். பையில வெக்கிறதா இருந்தா அந்த பை உங்க உடம்போட மாட்டியிருக்கணும், பக்கத்து சீட்ல இல்ல.

2021 ஜூலை கலவரத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாடு முழுக்க 350 பேருக்கு மேல செத்தாங்க, இங்க டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற பீனிக்ஸ் பக்கம் மட்டும் 36 உயிர். ரோட்டுல வண்டியை குறுக்க நிறுத்தி வெச்சுட்டு ஒவ்வொருத்தர் வண்டியிலயும் துப்பாக்கி இருந்த அந்த நாளுங்க. பயத்துல நின்னவங்களும் இருந்தாங்க, பயத்தை சாக்கா வெச்சு சுட்டவங்களும் இருந்தாங்க. அந்த காயம் இன்னும் நம்ம ஆளுங்க, கறுப்பின ஜனங்கன்னு ரெண்டு பக்கமும் ஆறல, என்கிட்ட வேலை பார்க்கிற பையன் வீட்டுலயும் அத பத்தி பேசுறாங்க, என் வீட்டுலயும் பேசுறோம். அதுக்கப்புறம் தான் நிறைய பேர் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணினாங்க. ரோட்டுல ஒருத்தன் ஹாரன் அடிச்சதுக்கு கப்பிஹோலை தொறக்குற கை எனக்கு தெரிஞ்சு ரெண்டு பேருக்கு வந்திருக்கு. கையெட்டுற தூரத்துல சும்மா கிடக்குறது கோபத்துக்கும் கையெட்டுற தூரம் தான். இடுப்புல, சட்டைக்கு உள்ள, பட்டனுக்கு பின்னாடி இருந்தா அத எடுக்குறதுக்குள்ள ஒரு நிமிஷமாவது யோசிப்போம்.

அதே 2021 மே மாசம் அரசாங்கம் ஒரு வரைவு மசோதா போட்டுச்சு, தற்காப்புக்குன்னு லைசென்ஸே குடுக்கக் கூடாதுன்னு அதுல இருந்துச்சு, பெரிய எதிர்ப்பு வந்துச்சு. நானும் எதிர்த்தேன், இப்பவும் எதிர்க்கிறேன், ராத்திரி பன்னெண்டு மணிக்கு போலீஸ் வர எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கு தெரியும். ஆனா லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க கையில இருந்து தான் திருடன் கைக்கு துப்பாக்கி போகுதுன்னு அந்த மசோதாவுக்கு ஆதரவா பேசுறவங்க சொல்றப்ப என் மச்சான் முகம் ஞாபகம் வருது, பதில் சொல்ல வாய் வரல. நாம ஒழுங்கா வெச்சுக்கிட்டா தான் அந்த வாதத்துக்கு எதிரா நிக்க முடியும்.

இப்ப என் கடையில சாவி வாங்குறப்பவே நான் கேக்குறது, வண்டியில துப்பாக்கி இருக்கா. முதல்ல கோவிச்சுக்கிட்டாங்க, என்ன அண்ணா எங்களை என்னன்னு நினைச்சீங்கன்னு. இப்ப பழகிடுச்சு. போன செவ்வாக்கிழமை ஒரு வயசான அம்மா, எழுபது வயசு இருக்கும், நம்ம தமிழ் அம்மா தான், ஆனா இங்கயே நாலு தலைமுறை, தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். நான் கேட்டதும் கொஞ்ச நேரம் நின்னாங்க, அப்புறம் கப்பிஹோலை தொறந்து ஒரு துணியில சுத்தி வெச்சிருந்த ரிவால்வரை காட்டினாங்க. செத்துப்போன புருஷனோடது, லைசென்ஸ் அவர் பேர்ல தான், அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த அம்மாவுக்கு அது குற்றம்னே தெரியாது, அவர் ஞாபகமா கூடவே வெச்சிருந்தேன்னு சொல்றாங்க. துணியில இன்னும் எண்ணெய் வாசனை. எனக்கு தெரிஞ்ச ஒரு வக்கீலுக்கு போன் போட்டு அந்த அம்மாகிட்ட குடுத்து, எப்படி ஒப்படைக்கணும்னு கேட்டு, அந்த அம்மாவோட பையனும் வக்கீலும் கூட போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சாங்க.

ஐயா, அந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல, எத்தனை வண்டியில இருக்குதோ. அதனால ஒரு வேண்டுகோள். போன வாரம் வந்த கடிதத்துக்கு ஒரு திருத்தம் போடுங்க, அந்த 84வது பிரிவு சின்னது தான், அரை பக்கம் கூட வராது, ஒரு வக்கீலை வெச்சு தமிழ்ல எழுதி வாங்கி பெரிய எழுத்துல போடுங்க. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் போட்டா ரொம்ப நல்லது, அந்த பேப்பரை நான் நூறு காப்பி வாங்கி கோயில் பார்க்கிங்ல நானே குடுக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு வொர்க்ஷாப்காரர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்